மூன்றாம் மேசைக்காரர்கள் எடுத்த ஆளும் நான் எடுத்த ஆளும்

1. டிவி மாட்டிய ஞாயிறு

எங்கள் கடைச் சுவரில் பெரிய டிவி மாட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தோசை ஆர்டர் டிக்கெட்டுகள் பிரிண்டரிலிருந்து நீண்டு தரையைத் தொட்டன. அதுவரை ஞாயிறு மதியம் ஆட்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். அன்று யாரும் போகவில்லை. ஆட்டம் நடக்கும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாதி ஆட்டம் முடிந்து ஹாஃப் டைம் விட்டதும் கடை முழுவதும் ஒரே நேரத்தில் தோசை கேட்டது. ஹாஃப் டைம் முடிவதற்குள் தட்டு மேசைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் தொடங்கிவிடும், தோசை ஆறிவிடும், பிறகு ஆறிய தோசை என்று பேச்சு வரும்.

கல்லில் நான் ஒருத்திதான். கல் என்றால் வீட்டுத் தோசைக்கல் இல்லை. கட்டில் அகலத்துக்கு இரும்புப் பாளம். ஒரு தடவையில் ஆறு தோசை வார்க்கலாம். அன்றைக்கு எப்படி வார்த்து முடித்தேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. முடிந்த பிறகு முதலாளி சரவணன் தம்பி உள்ளே ஓடி வந்து, "அம்மா, பின்னிட்டீங்! இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்படித்தானுங்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். நான் அடுத்த ஞாயிற்றுக்கு எவ்வளவு மாவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

கடை பிளானோ என்ற அமெரிக்க ஊரில், ஒரு ஸ்ட்ரிப் மாலில் இருக்கிறது. ஒரு பக்கம் மளிகைக் கடை, மறு பக்கம் புருவம் திருத்தும் கடை. சரவணன் தம்பி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் தொடங்கினார். நான் தாராபுரம் பக்கம். மகளின் பிரசவத்துக்கு வந்தேன், கிரீன் கார்டு ஆனது, தங்கிவிட்டேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பகலில் அந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷும் வராது. கராஜ் கதவிலிருந்து பின்பக்கத்துப் பேட்டியோ கதவு, பேட்டியோ கதவிலிருந்து கராஜ் கதவு என்று நடந்துகொண்டே இருப்பேன். "ஒரு எடத்துல உக்காரேம்மா, எனக்கே தலை சுத்துது" என்பாள் மகள் தீபா. உட்கார்ந்தால் கை சும்மா இருக்கும். கை சும்மா இருந்தால் எனக்கு எதுவுமே பிடிக்காது.

கல்லுக்கு முன்னால் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. கை ஓடும், கால் ஒரே இடத்தில் நிற்கும். எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் அந்த இடத்தைப் பற்றியதுதான்.

2. ஜன்னல் வழியாகக் கேட்டது

சமையல்கட்டுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில், தட்டு வைக்க ஒரு ஜன்னல் உண்டு. எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். வெளியே போகமாட்டேன். ஆனால் அந்த ஜன்னல் வழியாக நேராகத் தெரிவது மூன்றாம் நம்பர் மேசை. அதில் ஒவ்வொரு ஞாயிறும் அதே மூன்று பேர்.

ரவி, பேங்க் கம்ப்யூட்டர் வேலை, மெட்ராஸ்காரர், சத்தம் ஜாஸ்தி. குமரேசன், பல் டாக்டர், திருநெல்வேலி. கவிதா, பெரிய கம்பெனியில் மேனேஜர், ஊர் டீமின் ஜெர்சி போட்டுக்கொண்டுதான் வருவாள். ஆட்டம் என்றால் இந்த ஊர் ஃபுட்பால். முட்டை மாதிரிப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, ஒருவர் மேல் ஒருவர் விழுகிற ஆட்டம்.

ஆட்டக்காரர்களுக்கெல்லாம் மூன்றாம் மேசை தமிழில் பெயர் வைத்திருந்தது. பந்தை எறிகிறவர் மாப்பிள்ளை. எல்லாரும் அவரைத்தான் தாங்குவார்கள், கீழே விழுந்தால் நாலு பேர் ஓடி வந்து தூக்குவார்கள், அதனால் அந்தப் பெயர். பந்தைப் பிடிக்க ஓடுகிற பையன் ஒருவன் எண்ணெய்க் கை. கைக்கு வந்த பந்து வழுக்கிவிடும். மாப்பிள்ளைக்கு இடது பக்கம் மலை மாதிரி நிற்கிறவர் பெரியவர். எதிராளி மாப்பிள்ளையை நெருங்காமல் தள்ளிப் பிடிப்பது அவர் வேலை. பந்தைத் தொடவே மாட்டார். பல வருடமாக அதே இடத்தில் நிற்கிறவர். அவரைப் பற்றித்தான் சண்டை.

"பெரியவர் முடிஞ்சிட்டாரு. அவ்ளோதான். கட் பண்ணி அனுப்பிட்டு ஒரு யங் பிளட்டைக் கொண்டு வரணும்" என்பார் ரவி.

"மாப்பிள்ள தலை கலையாம வீட்டுக்குப் போறான்லா, அது யாராலங்கேன்? அந்த மனுசன் நிக்கதாலதான வே?" என்பார் டாக்டர்.

"போன வாரம் ரெண்டு தடவ அவரைத் தாண்டிப் போனாங்க. பார்த்தீங்களா இல்லையா? முட்டி போயிடுச்சு டாக்டர்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர், நீங்க பாக்கறது பல்லு" என்பாள் கவிதா. "முட்டியப் பத்தி நீங்க ஒப்பீனியன் சொல்லக்கூடாது."

"எலும்பு எங்க இருந்தாலும் எலும்புதாம்மா."

இப்படியே போகும். ஜெயித்த அன்றைக்கும் திட்டுவார்கள். தோற்ற அன்றைக்கு யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். டீமின் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது, கோச்சுக்கு ஒன்றும் தெரியாது, ஆள் பார்த்து எடுக்கிறவனுக்குக் கண்ணே இல்லை. வேலை வெட்டி இருந்தும் இவர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பெரியவர் பேச்சு வரும்போது மட்டும் என் கை கொஞ்சம் மெதுவாகும். காது அங்கே போய்விடும்.

சரவணன் தம்பியும் கல்லாவை விட்டுவிட்டு அந்த மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார். நாளாக ஆக, ஆட்டத்துக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தார். சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம், பூரி போடலாமா வேண்டாமா, எல்லாம். அவர்களும் சொல்வார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்கிற ஆட்கள் இல்லை.

3. பேக்கப்

டிவி வந்த இரண்டாவது வருடம் என் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. மாவுக் கரண்டியைச் சுழற்றிச் சுழற்றி வந்த வீக்கம். துணி கட்டிக்கொண்டு நின்றேன். சரவணன் தம்பி பார்த்துவிட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங். நீங்கதான் ஸ்டார்ட்டர். ஆனா ஒரு பேக்கப் இல்லாம எப்படிங்? எந்த டீமும் அப்படி இருக்காதுங்."

ஸ்டார்ட்டர் என்றால் முதலில் இறங்குகிற ஆள். பேக்கப் என்றால் அவருக்குக் காயம் பட்டால் இறங்குகிற ஆள். இரண்டுமே ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிய வார்த்தைகள். பேக்கப் வந்த பிறகு ஸ்டார்ட்டர் எத்தனை நாள் இருப்பார் என்று மூன்றாம் மேசை பேசுவதையும் கேட்டிருக்கிறேன்.

தினேஷ் என்ற பையன் வந்தான். வேறு கடையில் தோசை மாஸ்டராக இருந்தவன். நல்ல கைவேகம். கரண்டியை மேலே எறிந்து பிடிப்பான். ட்ரையல் பார்க்க ஒரு ஞாயிறு வரச் சொன்னார்கள். அங்கேதான் சரவணன் தம்பி, வேறு எந்தக் கடை முதலாளியும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். மார்க் போடுகிற வேலையை மூன்றாம் மேசையிடம் கொடுத்துவிட்டார். "நீங்கதான் ஸ்கவுட்டு" என்றார். ஸ்கவுட் என்றால் டீமுக்கு ஆள் பார்த்துச் சொல்கிறவர். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தினேஷ் தோசையைத் தட்டில் வைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, எண்ணெய்க் கையை இன்னும் ஏன் வச்சிருக்காங்க? ஒரு நல்ல பிக்குக்கு தள்ளிவுட்டுட வேண்டியதுதானே?" என்றான். பிக் என்றால் டீம் புதிதாகப் பொறுக்கி எடுக்கிற ஆள்.

ரவி மேசையைத் தட்டினார். "சரவணா, இவன எடுத்துருடா!"

"தோசையச் சாப்பிட்டீங்களா?" என்றாள் கவிதா.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். பையனுக்கு கேம் புரியுது பாத்தியா?"

டாக்டர் மட்டும், "பெரியவரப் பத்தி என்ன நெனைக்க?" என்று கேட்டார். தினேஷ் மூன்று முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "மரியாதையா வழியனுப்பி வைக்கணும் சார்" என்றான். டாக்டருக்கு அந்த 'மரியாதையா' பிடித்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. நான் வடைப் பக்கம் தள்ளப்பட்டேன்.

வடைப் பக்கத்திலிருந்து ஜன்னல் தெரியாது. சுவர்தான் தெரியும். பேச்சு மட்டும் கேட்கும்.

4. ஹாஃப் டைமில் கல்லில் ஆள் இல்லை

குளிர் ஆரம்பித்த சமயம். அன்று பெரிய ஆட்டம். கடையில் நிற்க இடமில்லை. ஹாஃப் டைம் விட்டார்கள், டிக்கெட்டுகள் வரத் தொடங்கின. தினேஷ் பாதி வார்த்தான். டிவியில் முதல் பாதியைத் திருப்பிக் காட்டினார்கள் போலிருக்கிறது, வெளியே ஒரே கூச்சல். எண்ணெய்க் கை பந்தைப் பிடித்தானா, விட்டானா என்று சண்டை. தினேஷ் கரண்டியோடு ஜன்னலுக்குப் போனான். ஜன்னலிலிருந்து கதவுக்குப் போனான். கதவிலிருந்து மூன்றாம் மேசைக்கே போய்விட்டான்.

எனக்குத் தீய்கிற வாசனைதான் முதலில் வந்தது. எட்டிப் பார்த்தால் கல்லில் நாலு தோசை கறுத்துப் புகைந்துகொண்டிருக்கிறது, ஆளைக் காணோம். வெளியே அவன் குரல் கேட்கிறது. "கால் லைனுக்கு உள்ளதான்ணே இருந்துச்சு! நான் பாத்தேன்!"

சரவணன் தம்பி உள்ளே ஓடி வந்தார். "தினேசு! தினேசு எங்கீங்மா?"

நான் வெளியே கையைக் காட்டினேன். அவர் போனார். அவரும் திரும்பி வரவில்லை. கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்பதில் அவருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

கறுத்ததைச் சுரண்டித் தள்ளினேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். இடது கையில் கரண்டியைப் பிடித்து வார்த்தேன். இடது கைத் தோசை வட்டமாக வரவில்லை, ஏதோ தேசப்படம் மாதிரி வந்தது. யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் தினேஷ் வரவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு கடையில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டான். மூன்றாம் மேசைக்கு வருத்தம். தாங்கள் எடுத்த ஆள் தப்பாகிவிட்டான் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"பொட்டென்ஷியல் இருந்துச்சு. சரவணன் அவனைச் சரியா யூஸ் பண்ணல" என்றார் ரவி.

"நான் முதல்லயே தோசையச் சாப்பிட்டுப் பாருங்கன்னு சொன்னேன்" என்றாள் கவிதா.

"சொல்லல. சாப்பிட்டீங்களான்னு கேட்ட. அது வேற, இது வேற."

நான் மறுபடி கல்லுக்கு வந்துவிட்டேன். வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பேக்கப் பேச்சு வரும்.

5. டிராஃப்ட் சாயங்காலம்

அந்த வருடம் டீம் மோசமாகத் தோற்றது. ஆட்டங்கள் முடிந்து மாதக்கணக்காகியும் மூன்றாம் மேசை ஓயவில்லை. இப்போது டிராஃப்ட் பேச்சு. கல்லூரியில் ஆடிய பையன்களை வருடத்துக்கு ஒரு தரம் டீம்கள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதிகம் தோற்ற டீமுக்கு முதல் முறை. பார்க்கப் போனால் பெண் பார்க்கிற மாதிரிதான். உயரம், எடை, ஓட்டம், குணம், குடும்பம் எல்லாவற்றையும் அலசுவார்கள்.

ரவிக்குப் பந்து பிடிக்கிற ஒரு பையன் வேண்டும். மின்னல் மாதிரி ஓடுவானாம். டாக்டருக்குப் பெரியவர் இடத்தில் நிற்க ஒரு தடியன் வேண்டும். "அப்ப பெரியவர் நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னீங்களே?" என்று ரவி மடக்கினார். "நல்லா இருக்கும்போதே ஆளைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தணும்வே. விழுந்தப்புறம் தேடுனா கிடைக்காது" என்றார் டாக்டர். எனக்கு டாக்டர் மேல்தான் அன்று கோபம். ரவி எப்போதும் அப்படித்தான். இவர் நம் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

டிராஃப்ட் வியாழக்கிழமை சாயங்காலம். கடையில் அதற்கு ஒரு பார்ட்டி வைத்தார்கள். கூட்டம் வரும் என்று தெரிந்து, சரவணன் தம்பி ஒரு பெண்ணை அன்றைக்கே ட்ரையலுக்கு வரச் சொல்லியிருந்தார். சுகன்யா, கரூர்ப் பக்கம், முப்பத்தைந்துக்குள் இருக்கும். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இவளுக்கு வேலை பெர்மிட் பல வருடம் காத்திருந்து இப்போதுதான் வந்திருந்தது. உள்ளே வந்ததும், "எங்கீங்க்கா நிக்கட்டும்?" என்று என்னைக் கேட்டாள். நான் கல்லைக் காட்டிவிட்டு வடைப் பக்கம் நகர்ந்தேன்.

முதல் இரண்டு தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை, வந்தது.

அவள் அதைச் சுரண்டினாள், துடைத்தாள், சூட்டைக் குறைத்தாள், மறுபடி வார்த்தாள். மெதுவாகத்தான் வார்த்தாள். கூட்டம் ஏறியது. ஒரு தட்டு, குழந்தைக்கு நெய் வேண்டாம் என்று திரும்பி வந்தது. யார் அனுப்பினார்கள் என்று ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேறு வார்த்து வைத்தாள். தினேஷ் ஒரு தோசைக்கு ஒரு தரம் ஜன்னலைப் பார்ப்பான். நானும் பார்க்கிறவள்தான், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிறவள்தான். இந்தப் பெண் கல்லையும் டிக்கெட்டையும் விட்டு வேறு எதையும் பார்க்கவில்லை.

நடுவில் சரவணன் தம்பி அவளை ஜன்னலுக்குக் கூப்பிட்டு மூன்றாம் மேசைக்குக் காட்டினார். ரவி கேட்டார், "நீங்க சொல்லுங்க, இன்னிக்கு யார எடுக்கணும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்ணா. ரெண்டு ஊத்தப்பம் இருக்குது, வரட்டுங்களா?" என்று திரும்பிவிட்டாள்.

டிவியில் நம் டீமின் முறை வந்தது. நான் வடை அடுப்பை அணைத்துவிட்டு, கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். கோட்டு போட்ட பையன்கள் அம்மா அப்பாவோடு மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு போன். ஒரு பையனின் அம்மா அவன் காலரைச் சரி செய்துகொண்டே இருந்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அந்தப் பையனின் போன்தான் அடித்தது. கொழுத்த பையன், மலை மாதிரி. பெரியவர் இடத்தில் நிற்க எடுத்த பையன்.

கடையே கத்தியது. பாதிப் பேர் சந்தோஷத்தில், பாதிப் பேர் வயிற்றெரிச்சலில்.

"போச்சு! போச்சுடா! மின்னல் மாதிரி ஒருத்தன் உக்காந்திருக்கான், இவனுங்க பீரோவ வாங்கிட்டு வரானுங்க!" ரவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பீரோதான் வேணும்வே வீட்டுக்கு" என்றார் டாக்டர்.

"பெரியவருக்கு இன்னிக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் கவிதா. "வீட்ல டிவில பாத்துட்டு இருப்பாருல்ல?"

"அதெல்லாம் பாத்தா டீம் நடத்த முடியுமா?" என்றார் ரவி.

திரையில் அந்தப் பையனின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே போய் அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன்.

6. என்னைக் கேட்டார்கள்

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சரவணன் தம்பி மூன்றாம் மேசையிடம் சுகன்யாவைப் பற்றிக் கேட்டார். நான் மாவு ட்ரம்மைக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"ஸ்லோ சரவணா. ரொம்ப ஸ்லோ. அப்சைடே இல்ல, இதுக்கு மேல தேற மாட்டாங்க" என்றார் ரவி.

"பேசவே மாட்டேங்கறாங்க" என்றாள் கவிதா.

"இவங்களை எதுக்கு எடுக்கணும்? உள்ள இருக்காங்களே ஆன்ட்டி. ஆன்ட்டி இன்னும் ரெண்டு சீசன் தாராளமா ஆடுவாங்க. என்ன டாக்டர்?" என்றார் ரவி.

டாக்டரும் ஆமாம் என்றார்.

பெரியவரை வருடக்கணக்காகக் கட் பண்ணச் சொன்ன அதே வாய் என்னை இரண்டு சீசன் ஆடச் சொன்னது. எனக்கு அப்படியே முகமெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷம்தான். அவர்கள் என் முகத்தையே சரியாகப் பார்த்ததில்லை, என் கையைப் பார்த்ததில்லை, ஆனாலும் சொன்னார்களே. அந்த நேரத்தில் ட்ரம்மைத் தூக்கப் போனேன். காலி ட்ரம்தான். கை வரவில்லை. இரண்டு தரம் முயற்சி பண்ணி, சுவரோடு சாய்த்து உருட்டினேன்.

சரவணன் தம்பி உள்ளே வந்தார். சுகன்யா பின்பக்கம் கை கழுவிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "அவங்க வேண்டாங்கறாங். தினேசு விசயத்துல அவங்க பேச்சக் கேட்டுத்தான் நான் மாட்டுனேன். அதனால கேக்கறனுங். நீங்க என்ன சொல்றீங்?"

அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 'எனக்கென்னங் தம்பி தெரியும்' என்ற வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. எனக்குப் பழகிய வார்த்தை. வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லியே தப்பித்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருக்கும். கல் எனக்கு.

குழாயை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

"எடுத்துக்குங் தம்பி" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"கல்லுல நிக்கட்டும்."

"ஸ்லோவா இருக்குதுங்களேம்மா."

"வேகம் வரும்ங். அந்தப் புள்ள கல்ல உட்டுட்டுப் போகாது."

அவர் சுகன்யா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அப்ப நீங்?"

"என்னை அப்பறம் பார்த்துக்கலாம்ங்" என்றேன். அவர் சுகன்யாவைக் கூப்பிடப் போனார். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

7. இந்தப் பக்கத்து நாற்காலி

'அப்பறம்' என்பது லேசில் வரவில்லை. வேறு ஷெட்யூல் போட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் சரவணன் தம்பி. வாரங்கள் போயின. நான் கராஜ் கதவுக்கும் பேட்டியோ கதவுக்கும் நடந்தேன். "அவங்க கூப்பிடலேன்னா விடும்மா. கை சரியாகட்டும்" என்றாள் தீபா. கை சரியானது. நான்தான் சரியாகவில்லை. தப்பு பண்ணிவிட்டேனோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று ராத்திரி பகலாக அதே நினைப்பு. யாரோ ஒரு பெண்ணுக்காக நான் ஏன் இடத்தைக் கொடுத்தேன்? அவளுக்காகக் கொடுக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றியது. கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு மேல் நல்ல குணம் ஒன்றும் இல்லை.

கோடை பாதியில் கூப்பிட்டார்கள். காலையில் மாவும் சட்னியும் என் பொறுப்பு, மதியத்தோடு வேலை முடிந்துவிடும். கல் சுகன்யாவுடையது.

செப்டம்பரில் மறுபடி ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஞாயிறு என் வேலை முடிந்துவிட்டது, மருமகன் வந்து அழைத்துப் போக நேரமாகும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கவிதா பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ஏன் நிக்கறீங்க? இங்க வாங்க, சேர் இருக்கு."

வேண்டாம் வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து இழுத்து மூன்றாம் மேசையில் உட்கார வைத்துவிட்டாள். கடையில் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ரவி விடவில்லை. "ஓ, இவங்கதானா அது! ஆன்ட்டி, நீங்க எடுத்த பிக்காமே உள்ள நிக்கறவங்க? சரவணன் சொன்னான். தப்பா நெனைக்காதீங்க, ஆனா ஸ்லோ பிக்கு."

"நீங்க எடுத்த பிக்கு இப்ப ஜெர்சில இருக்கான்வே" என்றார் டாக்டர்.

ஹாஃப் டைம் விட்டார்கள். மேசையில் எல்லார் முகமும் டிவியைப் பார்த்து இருந்தது. பீரோப் பையன் முதல் பாதியில் ஒரு தரம் தடுமாறி விழுந்ததையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ரவி, "காலை அகட்டி நில்லுடா! அகட்டி நில்லு!" என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் மட்டும் எதிர்ப் பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. சுகன்யா வார்த்துக்கொண்டே இருந்தாள். வேகம் முன்னைவிடக் கூடியிருந்தது, ஆனால் போதாது. டிக்கெட் நீண்டது. கல்லின் ஓரத்தில் லேசாகப் புகை எழுந்ததைப் பார்த்தேன். சூடு ஏறிவிட்டது. அடுத்த தோசை ஒட்டும். அவளுக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தண்ணி தெளி! தண்ணி தெளி புள்ள!"

நான்தான் கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு கடையில் அவ்வளவு சத்தம் போட்டது கிடையாது. மூன்றாம் மேசை, இரண்டாம் மேசை, எல்லாம் திரும்பிப் பார்த்தது. உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிற சத்தத்தில் சுகன்யாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆன்ட்டி, அவங்களுக்குக் கேக்காது!"

நான் டிவியைக் காட்டினேன். "அந்தப் பையனுக்கு மட்டும் நீங்க சொல்றது கேக்குதுங்களாக்கும்?"

டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரவி தன் காபியை என் பக்கம் நகர்த்தி, "குடிங்க ஆன்ட்டி, இன்னும் செகண்ட் ஹாஃப் இருக்கு" என்றார்.

இவர்களை இத்தனை நாள் வேலை இல்லாத பேச்சு பேசுகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். ஓர் ஆள் மேல் நம்பிக்கை வைத்தாகிவிட்டது. இனி அந்த ஆளுக்குப் பதிலாக நாம் இறங்க முடியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். கத்தாமல் வேறு என்ன செய்வது? கல்லுக்கு முன்னால் பல வருடம் நின்றிருக்கிறேன், அப்போதெல்லாம் கைதான் வலித்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமான வேலை.

வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். யாரை எடுக்கலாம் என்று ஒரு நாள் உங்களையும் கேட்பார்கள். மழுப்பாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு நிம்மதி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வரவில்லை.

ஜன்னலில் சுகன்யா குவளையை எடுத்தாள். கல்லில் தண்ணீர் விழுந்து ஆவி மேலே எழும்பியது. துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள், மாவை ஊற்றினாள், கரண்டியைச் சுழற்றினாள். தோசை ஒட்டாமல் முழுசாகத் திரும்பியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். டிவியில் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. கடையில் மற்ற யாருக்கும் நான் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.